மீட்டர் பதில் சொன்னது, நாம்தான் காத்திருக்கவில்லை: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்), ரீட்ரை (பதில் வராவிட்டால் எத்தனை தடவை மறுபடி கேட்பது), போலிங் நேரம் (எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்பது) பற்றியவை நிறைய. ஆர்எஸ்-485 என்ற சீரியல் கேபிளில் (பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் ஒரே லைன்) ஓடிக்கொண்டிருந்த கருவிகளை எல்லாம் ஐபி நெட்வொர்க்குக்குள் கொண்டுவந்துவிட்டோம். கேபிளை மாற்றினோம், சுவிட்ச் போட்டோம், சிம் போட்டோம். பழைய நேர அமைப்புகளை மட்டும் யாரும் திரும்பப் பார்க்கவில்லை. அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்கள் ஸ்பின்னிங் மில்லில் 24 எனர்ஜி மீட்டர்கள் ஒரே ஆர்எஸ்-485 லைனில் இருக்கின்றன. வேகம் நொடிக்கு 9600 பிட். சீரியல் லைனை நெட்வொர்க்கோடு இணைக்கும் ஒரு கேட்வே வழியாக, மோட்பஸ் டிசிபி-யாக (மோட்பஸ் என்பது கருவிகள் கேள்வி–பதிலாகப் பேசும் முறை, டிசிபி அதன் நெட்வொர்க் வடிவம்) ஸ்காடாவுக்கு, அதாவது கண்காணிப்பு மென்பொருளுக்கு வருகிறது. ஒவ்வொரு மீட்டரிலும் 60 ரெஜிஸ்டர்களை (அளவுகள் பதிந்திருக்கும் இடங்களை) 2 நொடிக்கு ஒருமுறை படிக்கிறோம். ஸ்காடாவில் டைம்அவுட் 1 நொடி, ரீட்ரை 3. கேட்வேயிலும் அதே அளவுதான். ரிங் ஃப்ரேம் பக்கம் ஒரு மீட்டரை ஆஃப் செய்தால் போதும், நன்றாக இருக்கும் மற்ற மீட்டர்களும் ‘கம்யூனிகேஷன் ஃபெயில்’ காட்டுகின்றன. போன மாதம் கணக்குப் பிரிவுக்காக இன்னொரு கம்ப்யூட்டரும் அதே கேட்வேயில் படிக்க ஆரம்பித்தது. அதிலிருந்து இன்னும் மோசம். கேட்வேயை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா சார்?
– மின்பராமரிப்பு மேற்பார்வையாளர், பல்லடம்

பதில்: மாற்ற வேண்டாம். புதுசு வாங்கினாலும் இதே நிலைமைதான் வரும். முதலில் ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

சீரியல் லைனில் ஓடும் மோட்பஸ் ஆர்டியு-வில் ஒரு எழுத்துக்கு (ஒரு பைட்டுக்கு) 11 பிட். 9600 வேகத்தில் ஒரு எழுத்து போக 1.15 மில்லிசெகண்டு ஆகிறது. நீங்கள் அனுப்பும் கேள்வி 8 எழுத்து, அதற்கு 9 மில்லிசெகண்டு. 60 ரெஜிஸ்டருக்கு வரும் பதில் 125 எழுத்து: முகவரி, ஃபங்ஷன், எண்ணிக்கை மூன்றும், டேட்டா 120, கடைசியில் பிழை சோதிக்கும் சிஆர்சி 2. அதற்கு 143 மில்லிசெகண்டு. மீட்டர் கேள்வியைப் படித்து, பதிலைத் தயார்செய்ய 60 மில்லிசெகண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (ஒரு முழுச் செய்திக்கும்) நடுவில் மூன்றரை எழுத்து அளவுக்கு லைன் அமைதியாக இருக்க வேண்டும் என்பது மோட்பஸ் விதி. 9600-ல் அது 4 மில்லிசெகண்டு, போக ஒன்று, வர ஒன்று. எல்லாம் சேர்த்தால் ஒரு மீட்டருக்குச் சுமார் 220 மில்லிசெகண்டு. 24 மீட்டருக்கு 5.3 நொடி.

5.3 நொடி தேவைப்படும் வேலையை 2 நொடிக்கு ஒருமுறை செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். எல்லா மீட்டரும் நல்ல நிலையில் இருக்கும்போதே கேட்வேயில் வரிசை நிற்கிறது. இரண்டாவது கம்ப்யூட்டர் வந்ததும் ஒரு சுற்றுக்கு 10 நொடிக்கு மேல் ஆகிவிட்டது. டிசிபி பக்கம் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் கேட்கலாம். ஆனால் அந்த ஆர்எஸ்-485 லைனில் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் போக முடியும். சத்திரத்துக் கிணற்றில் ஒரே ஒரு கயிறு இருப்பது மாதிரி.

இப்போது ஒரு மீட்டரை ஆஃப் செய்கிறீர்கள். கேட்வே அதற்காக 1 நொடி காத்திருக்கிறது, மறுபடி மூன்று தடவை முயல்கிறது. மொத்தம் 4 நொடி லைன் முடங்கிக் கிடக்கும். இதற்குள் ஸ்காடாவுக்கு 1 நொடியிலேயே பொறுமை போய், அதே கேள்வியை மறுபடி அனுப்புகிறது. கேட்வேக்கு அது புதுக் கேள்வி. அதற்கும் ஒரு 4 நொடி. ஸ்காடா மொத்தம் நான்கு தடவை கேட்கும், ஆகவே 16 நொடி வரை அந்த ஒரு மீட்டரின் பெயரில் லைன் போய்விடுகிறது. வரிசையில் நிற்கும் மற்ற மீட்டர்களின் கேள்விகள் கேட்வேக்குள்ளேயே கிடந்து காலாவதியாகின்றன. பிறகு அந்த மீட்டர்கள் பதில் சொன்னாலும், ஸ்காடா அந்தக் கேள்வியின் எண்ணை ஏற்கெனவே தன் பட்டியலிலிருந்து அடித்துவிட்டதால் பதிலைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. நன்றாக இருக்கும் மீட்டர் ‘ஃபெயில்’ ஆவது இப்படித்தான்.

நான் புது சைட்டுக்குப் போனால் முதலில் அளப்பது ஒன்றைத்தான்: மிகவும் தாமதமாக வந்த பதில் எவ்வளவு நேரத்தில் வந்தது? சராசரியைப் பார்க்க மாட்டேன். என் பையில் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு பக்கம், பக்கத்தின் தலையில் அந்த ஒரு எண். நீங்களும் இரண்டாவது கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு மீட்டரை மட்டும் படிக்கவிட்டு, வயர்ஷார்க் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளில் மோட்பஸ் ஓடும் 502 போர்ட்டை வடிகட்டி, கேள்விக்கும் பதிலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். லைனின் கடைக்கோடியில் இருக்கும் மீட்டரிலும் செய்யுங்கள். ஒரு முழு ஷிஃப்ட் ஓடட்டும். மோட்டார் டிரைவ்கள் ஸ்டார்ட் ஆகும் நேரமும் அதில் வர வேண்டும்.

அந்த எண் 240 மில்லிசெகண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்வேயின் சீரியல் பக்க டைம்அவுட்டை 400 ஆக்குங்கள், ரீட்ரை 1. செத்த மீட்டருக்கு இப்போது அதிகபட்சம் 800 மில்லிசெகண்டுதான் போகும். ஸ்காடாவின் டைம்அவுட் இதைவிடக் கட்டாயம் பெரிதாக இருக்க வேண்டும். இன்னொரு கம்ப்யூட்டரின் கேள்வி முன்னால் நின்றால் அதற்கும் ஒரு 800. ஆக 1.6 நொடி, 2 நொடி என்று வையுங்கள், ரீட்ரை 1. ஒரு கேட்வேக்கு ஒரு நேரத்தில் ஒரு கேள்விக்கு மேல் அனுப்பக் கூடாது என்று ஸ்காடா டிரைவரில் (கருவிகளோடு பேசும் அதன் பகுதியில்) கட்டுப்படுத்துங்கள். போலிங்கை 10 நொடியாக்குங்கள். யூனிட் கணக்குக்கு அது தாராளம்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. கேட்வே தன் முயற்சியை முடித்துக்கொண்டு, ‘மீட்டர் பதில் தரவில்லை’ என்று 11-ஆம் எண் எக்ஸெப்ஷனை (பிழைச் செய்தியை) அனுப்பும். மோட்பஸ் தரத்திலேயே இருக்கும் ஏற்பாடு இது. ஸ்காடா அவசரப்பட்டு முன்னாலேயே விட்டுவிட்டால் இந்தச் செய்தி உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. கேட்வே செத்ததா, மீட்டர் செத்ததா என்று தெரியாமல் எலக்ட்ரீஷியன் மில் முழுக்க அலைவார். உள்ளே இருப்பவர் முதலில் கைவிட வேண்டும், வெளியே இருப்பவர் கடைசியில். இந்த வரிசை எந்த நெட்வொர்க்கிலும் மாறக் கூடாது.

அப்புறம், ஆஃப் ஆன மீட்டரை 30 நொடிக்கு ஒருமுறை மட்டும் தொட்டுப் பார்க்கும் வசதி உங்கள் டிரைவரில் இருந்தால் அதைப் போடுங்கள். கணக்குப் பிரிவு கம்ப்யூட்டர் கேட்வேயைத் தொடாமல் ஸ்காடாவின் டேட்டாபேஸிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். கேபிள் நன்றாக இருந்தால் ஒரு விடுமுறை நாளில் 24 மீட்டரையும் 19200-க்கு மாற்றுங்கள். ஒரு சுற்று 3.4 நொடிக்கு இறங்கும். மீட்டர் மீட்டராகப் பேனலைத் திறந்து மாற்ற வேண்டிய வேலைதான், ஆனால் ஒரு நாள் வேலை. புதுக் கேட்வேயின் விலையைவிட அது மலிவு.

கேள்வி: கேட்வேக்குப் பிங் (நெட்வொர்க்கில் ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சோதனை) அடித்தால் 2 மில்லிசெகண்டில் பதில் வருகிறது. பிறகு ஏன் டைம்அவுட் நூற்றுக்கணக்கில் வைக்க வேண்டும்?
– டிப்ளமோ மாணவி, திருச்சி

பதில்: பிங்குக்குப் பதில் சொல்வது கேட்வேயின் நெட்வொர்க் பகுதி மட்டும். அது வாசலில் நிற்பவர் ‘வீட்டில் ஆள் இருக்கிறார்கள்’ என்று சொல்வது போல. மீட்டர் இருப்பது உள்ளே, மெதுவான சீரியல் லைனின் மறுமுனையில். பிங் உங்களுக்குச் சாலையின் நிலையைச் சொல்லும், அது அவசியமான தகவல்தான். பதிலுக்கு எவ்வளவு காத்திருப்பது என்பதை மேலே சொன்ன மாதிரி உண்மையான கேள்வி–பதிலை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் கல்லூரி லேபில் ஒரு கேட்வேயும் இரண்டு மீட்டரும் இருந்தால் போதும், ஒரு மதியத்தில் இதைச் செய்து பார்த்துவிடலாம். செய்து பார்த்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்களிடம் இரண்டு கட்டடங்கள், ஒன்று கிண்டியில், ஒன்று பழைய மகாபலிபுரம் சாலையில். இரண்டிலும் ஏசி போன்றவற்றை இயக்கும் பழைய லோன்வொர்க்ஸ் கன்ட்ரோலர்கள். தனி ஃபைபரில் இருந்தவரை பிரச்சினை இல்லை. இப்போது பிராட்பேண்டில் விபிஎன் (பொது இணையத்துக்குள் ஒரு தனி வழி) போட்டு இணைத்திருக்கிறார்கள். பிங் சராசரி 35 மில்லிசெகண்டு, சில நேரம் 140 வரை போகிறது. சில்லர் (ஏசிக்கான குளிர்விப்பு இயந்திரம்) ஆன் கட்டளை சில சமயம் போவதில்லை, சில சமயம் இரண்டு முறை போகிறது. ரௌட்டர் அமைப்பில் சேனல் டைம்அவுட், ரீஆர்டர் டைமர், பன்ச்சிங், டிலே என்று நான்கு எண்கள் இருக்கின்றன. எதை எவ்வளவு வைப்பது?
– பில்டிங் மேனேஜ்மென்ட் டெக்னீஷியன், சென்னை

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இந்தக் கருவிகள் இன்னும் எத்தனையோ கட்டடங்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன, ஆனால் இவற்றைப் பற்றித் தமிழில் எழுதுவார் குறைவு. கன்ட்ரோலர்கள் பேசும் மூல நெட்வொர்க் நொடிக்கு 78 கிலோபிட் வேகம் கொண்ட முறுக்குக் கம்பி. அந்தச் செய்திகளை அப்படியே யுடிபி (ஐபி-யில் செய்தி அனுப்பும் ஒரு முறை) பாக்கெட்டுக்குள் வைத்து ஐபி வழியாக அனுப்புகிறோம். ஐஎஸ்ஓ/ஐஇசி 14908 தரத்தின் நான்காம் பகுதி இதைத்தான் சொல்கிறது. சைட்டில் 852 என்றே பேர். கம்பியில் பாக்கெட் முந்திக்கொண்டு போகாது, ரொம்ப நேரம் வழியில் தங்கவும் தங்காது. ஐபி-யில் இரண்டும் நடக்கும். அந்த நான்கு எண்களும் இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான்.

முதலில் சேனல் டைம்அவுட். பாக்கெட்டில் புறப்பட்ட நேரம் எழுதப்பட்டிருக்கும். இந்த எண்ணைவிடப் பழையதாக வந்து சேரும் பாக்கெட்டை ரௌட்டர் எறிந்துவிடும். பத்து நொடி கழித்து வரும் ‘சில்லர் ஆன்’ கட்டளை ஆபத்து என்பதால் இது நல்ல பாதுகாப்பு. ஆனால் இரண்டு முனையின் கடிகாரமும் ஒன்றாக இருந்தால்தான் இது வேலை செய்யும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஓட்டல் கட்டடத்தில் சேனல் டைம்அவுட்டைப் போட்டுவிட்டு, ஒரு ரௌட்டருக்கு நேர சர்வரின் முகவரியைக் கொடுக்க மறந்துவிட்டேன். முதல் நாள் எல்லாம் சரி. கொஞ்ச நாளில் அதன் கடிகாரம் மெல்ல விலகி, வருகிற பாக்கெட் எல்லாமே ‘பழையது’ ஆகிவிட்டது. பிங் போகிறது, ரௌட்டரின் விளக்குகள் எரிகின்றன, ஒரு தளம் முழுக்க ஏசி கட்டளை இறங்கவில்லை. இரண்டு நாள் கேபிளையே சோதித்துக்கொண்டிருந்தேன். விருந்தினர்கள் வியர்வையில் இருந்தது என்னால்தான். அதிலிருந்து ஒரே சுவிட்சில் இருக்கும் நெட்வொர்க்குக்கு இந்த எண்ணைப் பூஜ்யமாக, அதாவது அணைத்தே வைப்பேன். உங்களுடையது விபிஎன், அதனால் போட வேண்டும். இரண்டு ரௌட்டருக்கும் ஒரே நேர சர்வரைக் கொடுத்து, நேரம் ஒன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, 250 மில்லிசெகண்டில் ஆரம்பியுங்கள். உங்களுக்குப் போய்வர 140 என்றால், நெரிசலில் ஒரே பக்கம் மட்டும் தாமதமானாலும் இதற்குள் அடங்கிவிடும்.

ரீஆர்டர் டைமர்: 5-ஆம் பாக்கெட்டுக்கு முன்னால் 6-ஆம் பாக்கெட் வந்துவிட்டால், 5-க்காக எவ்வளவு நேரம் 6-ஐப் பிடித்துவைப்பது என்ற எண். இது சேனல் டைம்அவுட்டைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 64 மில்லிசெகண்டு போதும். இதைப் பெரிதாக வைத்தால் ஒரு பாக்கெட் தொலைந்துபோகும் ஒவ்வொரு முறையும் பின்னால் வருபவை எல்லாம் காத்து நிற்கும்.

பன்ச்சிங் என்பது சின்னச் சின்னச் செய்திகளைக் கொஞ்சம் தாமதித்து ஒரே யுடிபி பாக்கெட்டில் சேர்த்துக் கட்டுவது. விபிஎன்னில் பாக்கெட் எண்ணிக்கை குறைவது நல்லது, 16 மில்லிசெகண்டு வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

உங்கள் நோய்க்குக் காரணம் நான்காவது எண்தான். டிலே என்பது இந்தச் சேனலில் ஒரு செய்தி போய் அதற்குப் பதில் வர ஆகும் நேரம். ரௌட்டர் இதை வைத்து எதையும் செய்வதில்லை. நெட்வொர்க்கை அமைக்கும் மென்பொருள் இதைப் படித்து, ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் டிரான்சாக்ஷன் டைமரை (ஒப்புதல் வராவிட்டால் மறுபடி அனுப்பும் முன் காத்திருக்கும் நேரத்தை) கணக்கிடுகிறது. ஃபைபர் காலத்தில் போட்ட சிறிய எண் அப்படியே கிடக்கும். அதனால் கன்ட்ரோலர் ஒருவேளை 96 மில்லிசெகண்டு காத்துவிட்டு, ஒப்புதல் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே மறுபடி அனுப்புகிறது. லைன் நெரிகிறது, நெரிவதால் இன்னும் தாமதமாகிறது.

டிரான்சாக்ஷன் டைமருக்கு நினைத்த எண்ணைப் போட முடியாது. 16-ல் தொடங்கி 3072 மில்லிசெகண்டு வரை பதினாறு படிகள்தான்: 96, 128, 192, 256, 384 என்று ஏறும். உங்களுக்கு விபிஎன் 140, இரண்டு பக்கக் கம்பியும் ரௌட்டர் வேலையும் சேர்த்து 200-ஐத் தொடும். 256 எடுங்கள். ரீட்ரை 3 என்றால் நான்கு முயற்சி, 1024 மில்லிசெகண்டு.

கட்டளை இரண்டு முறை போவதற்குக் காரணம் ரிசீவ் டைமர். ‘இந்தச் செய்தியை ஏற்கெனவே வாங்கிவிட்டேன்’ என்பதைப் பெறுகிற கன்ட்ரோலர் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பது அது. அனுப்புகிறவரின் கடைசி முயற்சி வந்து சேரும்வரை இந்த நினைவு இருக்க வேண்டும். 1024-க்கு அடுத்த படி 1536, அதைப் போடுங்கள். நினைவு முன்னாலேயே போய்விட்டால் மறுமுயற்சி புதுக் கட்டளையாகிவிடும். வெப்பநிலை மதிப்பு இரண்டு முறை வந்தால் பாதகமில்லை. ஆன்–ஆஃப் மாற்றும் கட்டளை இரண்டு முறை வந்தால் சில்லர் கம்ப்ரஸருக்கு நல்லதல்ல.

மென்பொருளில் டிலேயை மாற்றியதோடு நிறுத்திவிடாதீர்கள். கன்ட்ரோலர்களுக்குப் புதிய மதிப்புகள் இறங்கியிருக்கின்றனவா என்று இரண்டு மூன்றைத் திறந்து பாருங்கள். ஃபயர்வாலில் 852 பயன்படுத்தும் 1628, 1629 இரண்டு போர்ட்டும் திறந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஆலையில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒவ்வொரு நேரம் காட்டுகிறது, 4 நிமிடம் வரை வித்தியாசம். இதனால் டைம்அவுட் பாதிக்குமா?
– ஷிஃப்ட் இன்சார்ஜ், ஓசூர்

பதில்: மேலே சொன்ன சேனல் டைம்அவுட் மாதிரி சிலவற்றைத் தவிர, பாதிக்காது. சாதாரண டைம்அவுட் ‘கேட்டதிலிருந்து எவ்வளவு நேரம்’ என்பதைத்தான் எண்ணும், மணி என்ன என்று பார்க்காது. ஆனால் ஒரு டிரிப் (பாதுகாப்புக்காக இயந்திரம் தானே நின்றுவிடுவது) நடந்தால் எது முதலில் நடந்தது என்று உங்களால் சொல்ல முடியாது. அதற்காகவே சரிசெய்யுங்கள். ஆலைக்குள் ஒரு என்டிபி சர்வர் (நேர சர்வர்) வையுங்கள், அது மட்டும் வெளியே உள்ள நேர சர்வரைப் பார்க்கட்டும். பிஎல்சி-களும் (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள்) கம்ப்யூட்டர்களும் அதைப் பார்க்கட்டும். நம் நாட்டில் நேரத்தைப் பராமரிப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். 2022 ஏப்ரலில், இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவும் அந்த ஆய்வகம் அல்லது தேசிய தகவலியல் மையத்தின் நேர சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொல்கிறது.

கேள்வி: எங்கள் சோலார் பிளான்டிலிருந்து கட்டுப்பாட்டு மையத்துக்கு ஐஇசி 104 என்ற தகவல் தொடர்பு முறையில், 4ஜி சிம் வழியாக டேட்டா போகிறது. பகலில் சரியாக இருக்கிறது. சாயங்காலத்துக்கு மேல் லிங்க் போவதும் வருவதுமாக இருக்கிறது. டேட்டா செலவைக் குறைக்க டி3-ஐ 600 நொடி வைத்திருக்கிறோம். டி1, டி2 இரண்டுமே 15 நொடி.
– பிளான்ட் ஆபரேட்டர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. பகலில் உற்பத்தி நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது, டேட்டா போய்க்கொண்டே இருக்கிறது. சூரியன் இறங்கியதும் எதுவும் மாறுவதில்லை, லைன் அமைதி. சிம் நிறுவனத்தின் முகவரி மாற்றும் கருவி, ரொம்ப நேரம் பேசாத இணைப்பைத் தன் அட்டவணையிலிருந்து நீக்கிவிடும். நீக்கியதை உங்கள் பிளான்டில் டேட்டா அனுப்பும் கருவிக்கும் (ஆர்டியு) சொல்லாது, மையத்துக்கும் சொல்லாது. இரண்டு பக்கமும் இணைப்பு இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும்.

104-ல் இதற்கென்றே டி3 இருக்கிறது. அவ்வளவு நேரம் எதுவும் வரவில்லை என்றால் ஒரு சோதனைச் செய்தி போகும். டி1-க்குள் பதில் வராவிட்டால் இணைப்பை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். தரத்தில் சொல்லப்பட்ட இயல்பு மதிப்புகள்: டி0 (இணைப்பு ஏற்படக் காத்திருக்கும் நேரம்) 30 நொடி, டி1 15, டி2 10, டி3 20. நீங்கள் 600 வைத்ததால் இணைப்பு செத்துப் பத்து நிமிடம் வரை யாருக்கும் தெரிவதில்லை.

டேட்டா செலவைப் பார்ப்போம். சோதனைச் செய்தி 6 பைட். டிசிபி, ஐபி தலைப்பு 40 சேர்த்து 46. பதிலும் அவ்வளவே. டிசிபி-யின் ஒப்புதலும் சேர்த்து ஒரு முறைக்கு 150 பைட் என்று தாராளமாக வையுங்கள். நாள் முழுவதும் 20 நொடிக்கு ஒருமுறை போனாலும் 4,320 முறை, முக்கால் எம்பி கூட வராது. மாதம் 20 எம்பி. இதை மிச்சம் பிடிக்க ராத்திரி முழுக்க மையத்தின் போனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. டி3-ஐ 20-க்கே கொண்டுவந்துவிடுங்கள்.

டி2-வை 10 ஆக்குங்கள். வந்த டேட்டாவுக்கு ஒப்புதல் சொல்ல எடுத்துக்கொள்ளும் அதிகபட்ச நேரம் அது. டி1 அந்த ஒப்புதலுக்காக எதிர்முனை காத்திருக்கும் நேரம். இரண்டும் 15 என்றால், ஒப்புதல் புறப்படும் அதே நொடியில் எதிர்முனை கைவிட்டிருக்கும். பகலில் டேட்டா நிறைய வருவதால் எட்டுச் செய்திக்கு ஒருமுறை ஒப்புதல் என்ற கணக்கு முந்திக்கொண்டு உங்களைக் காப்பாற்றியது. சாயங்காலம் செய்தி எட்டு சேர்வதே இல்லை. இந்த மதிப்புகளை மையத்தின் ஆட்களோடு பேசி இரண்டு முனையிலும் ஒரே மாதிரி வையுங்கள்.

சிலர் ‘சீக்கிரம் தெரியட்டும்’ என்று டி1-ஐ 3 நொடியாகக் குறைப்பார்கள். 4ஜி-யில் அதைச் செய்யாதீர்கள். தொலைந்த பாக்கெட்டை டிசிபி தானே மறுபடி அனுப்பும். லினக்ஸ் கருவியில் அது 0.2 நொடியில் தொடங்கி 0.4, 0.8, 1.6, 3.2 என்று இரட்டித்துக்கொண்டே போகக்கூடும். 15 நொடி என்றால் அதற்கு ஐந்தாறு வாய்ப்புக் கிடைக்கிறது. 3 நொடியில் மூன்றே வாய்ப்பு. இங்கேயும் உள்ளே இருப்பவர் முயன்று முடிக்கும்வரை வெளியே இருப்பவர் விட்டுவைக்க வேண்டும்.

கேள்வி: இவ்வளவு கணக்கு எதற்கு சார்? எல்லா டைம்அவுட்டையும் 60 நொடி என்று வைத்துவிட்டால் அலாரமே வராதே?
– ஸ்காடா இன்ஜினியர், ஈரோடு

பதில்: அலாரம் வராது. அதுதான் எனக்குப் பயம்.

பல வருடங்களுக்கு முன் ஒரு குடிநீர்த் திட்டத்தில் வேலை பார்த்தேன். கோடைக்காலம். ஒரு பம்ப் ஹவுஸ், ஊர் ஊராகப் பதினொரு மேல்நிலைத் தொட்டிகள், ரேடியோ மூலம் ஐபி இணைப்பு. அலாரத் தொல்லை தாங்காமல் யாரோ டைம்அவுட்டை 60 நொடியாகவும் ரீட்ரையை 5 ஆகவும் ஆக்கியிருந்தார்கள். ஒரு ராத்திரி ஒரு டவரில் மின்சாரம் போய் நான்கு தொட்டிகளின் தொடர்பு ஒன்றாக விட்டுப்போனது. ஒவ்வொன்றுக்கும் ஆறு முயற்சி, ஆறு நிமிடம். நான்குக்கும் 24 நிமிடம். அதற்குள் திரையில் கடைசியாக வந்த மட்டமே நின்றது: 70 சதவீதம், பச்சை நிறத்தில். பம்ப் அதை நம்பி ஓடியது. மணிக்கு ஒரு லட்சம் லிட்டர் என்ற கணக்கில் நாற்பதாயிரம் லிட்டருக்குப் பக்கம். தொட்டி நிரம்பியதும் வழிந்தது தெருவுக்குத்தான். அதே ஊரின் மேட்டுத்தெருவில் மக்கள் மூன்று நாளாகக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். காலையில் அந்த ஈரத் தெருவில் நான் நடந்துபோனது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நாங்கள் அப்புறம் செய்ததைச் சொல்கிறேன், நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். தொட்டிப் பக்க பிஎல்சி ஒவ்வொரு நொடியும் ஒரு எண்ணை ஒன்று கூட்டிக்கொண்டே இருக்கும். பம்ப் ஹவுஸ் பிஎல்சி மட்டத்தோடு அந்த எண்ணையும் படிக்கும். 30 நொடி அந்த எண் நகரவில்லை என்றால் மட்டம் எவ்வளவு காட்டினாலும் அதை நம்பாது. பம்ப்பை நிறுத்தி, திரையில் அந்த மதிப்பைச் சாம்பல் நிறமாக்கும். டைம்அவுட் 3 நொடி, ரீட்ரை 2. ஒரு தொட்டி போனால் 9 நொடியில் தெரியும், நான்கும் போனால் 36 நொடியில். விட்டுப்போன தொட்டியை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் விசாரிக்கும். பம்ப்பை நிறுத்தும் முடிவை ஸ்காடாவிடமிருந்து எடுத்துப் பம்ப் ஹவுஸ் பிஎல்சி-யிடமே கொடுத்தோம். அலாரம் தொல்லைக்குத் தனியாக, 30 நொடி தொடர்ந்து விட்டுப்போனால் மட்டும் ஒலிக்கும்படி தாமதம் வைத்தோம். டைம்அவுட் வேறு, அலாரத் தாமதம் வேறு. இரண்டையும் ஒரே எண்ணால் சமாளிக்கப் பார்த்ததுதான் அந்த ராத்திரியின் பிழை.

கேள்வி: தொலைவில் உள்ள எங்கள் கிணற்று நிலையத்துக்கு விசாட் (செயற்கைக்கோள்) இணைப்புதான் உண்டு. டைம்அவுட் 500 மில்லிசெகண்டு. ஒரு பதில்கூட வருவதில்லை.
– இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: வரவே முடியாது. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி ஏறி இறங்க வேண்டும், பதில் ஏறி இறங்க வேண்டும். குறைந்தது 1,43,000 கிலோமீட்டர், வெளிச்சத்தின் வேகத்தில் 0.48 நொடி. கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரமும் சேர்ந்தால் 500-ஐத் தாண்டிவிடும். 3 நொடி வையுங்கள், ரீட்ரை 1. பத்துப் பத்து ரெஜிஸ்டராகப் பிரித்துக் கேட்காமல், அடுத்தடுத்து இருப்பவற்றை ஒரே கேள்வியில் கேளுங்கள். மோட்பஸில் ஒரே தடவையில் 125 வரை வாங்கலாம். பத்துக் கேள்வி என்றால் பத்து முறை விண்ணுக்குப் போய்வர வேண்டும், ஒரு கேள்வி என்றால் ஒரே முறை. மாற்றிய பிறகு ஒரு மழை நாளிலும் அளந்து பாருங்கள், அன்றைக்கு வரும் மிகத் தாமதமான பதிலை எனக்கு எழுதி அனுப்புங்கள். நீல நோட்டில் உங்கள் நிலையத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறேன்.